ஊதாக் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கம்போல நலம் விசாரித்துத் தொடங்க மனமில்லை. நீ திருப்பிக் கேட்டால் இங்கே நலம் என்று பொய் எழுத வேண்டியிருக்கும்.

மருந்து ஏற்றிய மறுநாள்கூட அம்மா பூங்காவுக்குப் போகவேண்டும் என்கிறாள். மாடிப்படி இறங்குவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டுச் சுவர் அனலாய்க் கொதிக்கிறது. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. "பேரைப் பாரு, உன் அக்காவுக்கு வெச்ச மாதிரியே" என்று இன்னும் சிரிக்கிறாள். மரம்தான் இப்போது நடுப்பகலிலேயே இலை சுருண்டு உதிர்கிறது.

அதற்குத் தண்ணீர் தர வேண்டியது நான் வேலை பார்க்கும் திட்டம்தான். கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஊதா நிறக் குழாயில் எல்லாப் பூங்காக்களுக்கும் கொண்டுபோவது. ஒரு பூங்காவுக்கு இரண்டு இணைப்பு கூடாது என்பது விதி. அதனால் புதுக்குழாய் வாசலுக்கு வந்ததுமே பழைய குடிநீர்க் குழாயை வெட்டி அடைத்துவிட்டார்கள். சோதனை முடியட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சோதனை அன்று ஊதாக் குழாயில் பச்சைச் சாயத்தைக் கலந்துவிட்டு, சுற்றியிருந்த வீடுகளில் குழாய்களைத் திறந்துவைக்கச் சொன்னோம். எந்த வீட்டிலும் சாயம் தெரியக்கூடாது. பின்தெருவிலிருந்து ஒரு பெண் பாத்திரத்தோடு வந்தார். "ஏம்மா, இதக் குடிக்கிறதா, துணிக்குச் சாயம் போடுறதா?" என்றார். உள்ளே இலைப்பச்சையாய்த் தண்ணீர்.

மண்ணுக்கடியில் எங்கோ இரண்டு குழாய்களும் சேர்ந்திருக்கின்றன. மேலே புதுத் தார்ச்சாலை. அடுத்த ஆண்டுவரை தோண்டக்கூடாதாம். ஊதாக் குழாயின் வால்வைப் பூட்டி முத்திரை வைத்தாயிற்று. பழைய இணைப்பைத் திரும்பக் கேட்கப் போனேன். "இப்பதானே வேணாம்னு வெட்டினீங்க?" என்று குடிநீர் அலுவலகத்தில் சிரித்தார்கள். லாரித் தண்ணீராவது அனுப்பச் சொன்னேன்; அது குடிக்கவே போதாதாம். எங்கள் மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா" என்று முணுமுணுத்து, தன் பாட்டிலில் மிச்சமிருந்ததை மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனார். ஈரம் தெரியக்கூட இல்லை.

நான் படித்த கதைகளில் இப்படிப்பட்ட இடத்தில் மழை வந்துவிடும். இங்கே வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

நேற்று அம்மா, "உன் குழாய் என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். இதோ வந்துவிடும் என்றேன். "உன் அக்காவும் அதையேதான் சொல்லிட்டு இருக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆண்டுக் கடைசியில் விடுப்பு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு கிளையில் மட்டும் இன்னும் இலை நிற்கிறது. வெயில் நகர நகர அம்மாவின் நாற்காலியை அந்த நிழலுக்குள் இழுத்துப் போடுகிறேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கிறது. இருக்கும்போதே வந்துவிடு, அக்கா.

உன் சின்னவள்