உம்மாவைக் குளிப்பாட்டிய கை

சாய்ந்தமருது.

என் ராத்தாவுக்கு ஸலாம்.

டோஹாவிலிருந்து நீங்கள் அனுப்பிய கிறீம் கிடைத்தது. விரல் நுனிகள் மறுபடியும் தோலுரிந்துவிட்டன.

உம்மாவை அடக்கிய ஜனாஸா அன்று போனில், "உம்மாவ நீதானே குளிப்பாட்டின?" என்று அழுதழுது கேட்டீர்கள். ஓம் என்றேன். வரக் கிடைக்காத உங்களுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. தண்ணீர் ஊற்றியது நான்தான், ராத்தா. சவர்க்காரம் பட்டால் விரல் எரியுமென்று, உம்மாவின் உடம்பைத் தேய்த்துக் கழுவப் பக்கத்து வீட்டு ஸபீனாவை விட்டுவிட்டேன்.

என் விரல் உரியும்போதெல்லாம் உம்மாதான் சோறு குழைத்து ஊட்டிவிடுவார். போன மாதம்கூட, படுக்கையில் சாய்ந்தபடி, "கறி பட்டா எரியும் மகள், வாயத் திற" என்றார்.

இனிக் கிறீம் அனுப்ப வேண்டாம். இப்போது நானே கையால் குழைத்துத்தான் சாப்பிடுகிறேன். எரியட்டும்.

உங்கள் தங்கச்சி