பீப் கேட்டால் 'ஆம்' அழுத்தவும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. காதைத் தவிர மற்றபடி நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நிறைமாதம், மாடிப்படியில் பார்த்து இறங்கு, துணி வாளியைத் தூக்காதே. போனில் தட்டித் தட்டி எழுத எனக்கு வராது, இந்தத் தாளை அம்மா படம் பிடித்து அனுப்புவாள்.

"அப்பாவுக்கு என் மேல என்ன கோபம், போன் பக்கமே வரமாட்டேங்கிறாரு" என்று அம்மாவிடம் கேட்டாயாமே. கோபமும் இல்லை ஒன்றும் இல்லை கண்ணு. காது மிஷின் ஊமையாகிவிட்டது. நிறைமாதக்காரியைக் கவலைப்பட வைக்காதீங்க என்று அம்மாதான் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். கோபம் என்று நீ நினைத்த பிறகு மறைத்து என்ன பயன். மில்லில் தறிச் சத்தத்தில் போன காது, அந்த மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

போன மாதம் போனில் காது மிஷினுக்கு அப்டேட் என்று வந்தது, அழுத்தினேன், அன்றோடு சரி. மேனுவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீயும் மேனுவல் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறாய், கோபித்துக்கொள்ளாதே, ஒரு சொல்லை முழுசாக எழுதினால் உங்கள் கூட்டத்துக்குக் கை சுளுக்கிக்கொள்ளுமா? பி.டி.யை அணைத்து எஃப்.டபிள்யூ.வைச் சரிபார்க்கவும், பிறகும் வராவிட்டால் ஆர்.எம்.ஏ. கோரவும் என்று போட்டிருக்கிறது. அது என்ன ஆர்.எம்.ஏ. என்று கடைசிப் பக்கத்தில் தேடினால், எஃப்.ஏ.க்யூ.வில் பார்க்கவும் என்கிறார்கள். அந்த எஃப்.ஏ.க்யூ. எங்கே இருக்கிறது என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. படித்துப் படித்துக் கண்ணும் போய்விடும் போல இருந்தது.

அப்புறம் போனிலேயே ஒரு சோதனை. பீப் சத்தம் கேட்டால் 'ஆம்' அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் 'இல்லை'. 'இல்லை' என்று அழுத்தினால் திரும்ப முதல் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. சாயங்காலம் வரை செக்கு மாடு மாதிரி சுற்றி அலுத்துப்போய், தொலையட்டும் என்று 'ஆம்' அழுத்திவிட்டேன். மிஷின் நன்றாக இருக்கிறது என்று பச்சையில் எழுதி வாழ்த்து வேறு சொன்னது.

அதுதான் வினையாகிவிட்டது. அம்மா உதவி எண்ணுக்குப் பேசினால், "சார் கேட்குதுன்னு சொல்லியிருக்காரே மேடம், எங்க சிஸ்டத்துல பாஸ்னு இருக்கு" என்றாளாம் அங்கே இருந்த பெண். மிஷின் என் பேரில் இருப்பதால் என்னோடுதான் பேசுவார்களாம். நான் போனை வாங்கிக் காது கேட்காதும்மா, காது கேட்காதும்மா என்று கத்த, எதிர்வீட்டு டிரைவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். கடைசியில் எல்-டூவாம், அவர்களுக்கு மேலே இருக்கும் ஆட்கள், திரும்பக் கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிட்டும் இருக்கிறார்கள், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில். மேஜை மேல் போன் அடித்தது எனக்கு எப்படித் தெரியும்? வாடிக்கையாளர் அழைப்பை ஏற்கவில்லை, ஆகவே புகார் முடித்துவைக்கப்பட்டது என்று மெயில் வந்திருக்கிறது. சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்த ஆட்களின் பாஷை உனக்குத்தான் தெரியும். உடம்பு இடம் கொடுத்தால் அவர்களுக்கு நீ நாலு வரி எழுது. அப்பா கேட்காமலே கேட்டதாகப் பொய் சொல்லிவிட்டார் என்றே எழுது, எனக்கு அதில் ஒன்றும் மானக்கேடு இல்லை. நீ பேசுவதையெல்லாம் அம்மா கேட்டுக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் காட்டுகிறாள், பாவம், அவளுக்கும் கை வலி. "பிள்ளை பிறந்ததும் நான் கேட்டுச் சொல்றேன், நீங்க ஏன் அலட்டிக்கிறீங்க" என்கிறாள்.

சுகப்பிரசவம் ஆகி நீயும் பிள்ளையும் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாத்திரையை மறக்காதே, அவர்களுக்கு எழுதவும் மறக்காதே, நாள் நெருங்குவதற்குள் எனக்குக் காது வந்தாக வேண்டும். எடை, நிறம், யார் ஜாடை என்று எல்லாவற்றையும் அம்மா எழுதிக் காட்டிவிடுவாள். பிள்ளை அழுவதை எப்படியம்மா எழுதிக் காட்டுவாள்?

இப்படிக்கு,
உன் மேல் எந்தக் கோபமும் இல்லாத
அப்பா