கண்ணைச் சிமிட்டச் சொன்ன லிங்க்

மீமிசல், வியாழக்கிழமை

குழு லோனுக்கு எல்லாரோட கிரெடிட் ஸ்கோரையும் பார்த்துட்டு வாங்கன்னு பேங்க்ல சொல்லியிருந்தாங்க. இலவச ரிப்போர்ட்னு வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் வந்துச்சு. மகளிர் குழுவுக்குத் தலைவி நான்தானே. நேத்து மீன் ஏலம் முடிஞ்சதும் எல்லாரையும் நிழல்ல உட்கார வச்சு, ஆதார், பான் எல்லாம் நானே போட்டேன். அப்புறம் முகத்தைக் காட்டச் சொல்லுச்சு. "இங்கிட்டுத் திரும்பு, அங்கிட்டுத் திரும்பு, கண்ணைச் சிமிட்டு"ன்னு ஒவ்வொருத்தி முன்னாடியும் போனைப் புடிச்சேன். செல்விக்கு அடுத்து வந்த மேரி சிரிச்சுக்கிட்டே இருந்தா. அவளை அதட்டி மறுபடி எடுத்தேன்.

ரிப்போர்ட் வரவே இல்ல. இன்னைக்கு பேங்க் மேடம்கிட்ட கேட்டேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

"ஸ்கோர் பார்க்க முகம் எதுக்குங்க? கடன் வாங்குறப்பதான் அப்படிக் கேப்பாங்க. அது யாரோட சைட்டுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கல. கூறுகெட்டவ, இலவசம்னதும் பார்க்கல. பாஸ்வேர்டுன்னா மாத்திக்கலாம். முகத்தை எப்படி மாத்துறது?

உடனே போலீஸ்ல சொல்லுங்கன்னாங்க. காலையில எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகணும். அவளுககிட்ட என்னன்னு சொல்லிக் கூப்பிடுறதுன்னுதான் இந்நேரம் வரைக்கும் தெரியல.

இப்பத்தான் மேரி போன் பண்ணுனா. குரல்ல அம்புட்டு சந்தோஷம்.

"அக்கா, எம்பேருக்கு லோன் பாஸாயிருச்சுன்னு மெசேஜ் வந்துருக்கு. நேத்து நீங்க போட்டுக் குடுத்ததுதானே? நல்லா இருப்பீங்கக்கா."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இன்னொரு கால் குறுக்க வந்துச்சு. செல்வி.