ஜூரோங் ஆலையை மூடச் சொன்ன கையெழுத்து

என்றும் அன்புக்குரிய அந்தோணி அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அக்கா போன வாரம் பிடோக்கில் சின்ன வீட்டுக்கு மாறினாள். உங்கள் மேசையை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கேதான் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன்.

அரசாங்க ஆய்வுக்கூடத்தில் நிம்மதியாகத் தண்ணீர் சோதித்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நீங்கள்தான் பேச்சை ஆரம்பித்தீர்கள். "செசிலி, ஜூரோங்ல புது பிளாண்ட் ஒண்ணு என் பொறுப்புல வருது. லேபுக்கு நீ வந்துடு. அங்கயே உக்காந்து என்ன பண்ணப் போற லா?"

கொதிகலன் புகையை ரசாயனக் கரைசலில் கழுவி, கரியமில வாயுவைத் தனியே பிடிக்கிற ஆலை. கொஞ்சம் சோடா கம்பெனிகளுக்கு. மீதியைக் கப்பலேற்றி, வற்றிவரும் எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்துவது திட்டம். வாயு எண்ணெயை மேலே தள்ளும், அந்த வாயுவில் பெரும்பகுதி பூமிக்குள்ளேயே தங்கிவிடும். இதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் தெரிந்த சந்தோஷம் நிஜம்தானே? அதையாவது நம்பலாமா?

சோடாக்காரர்கள் வாங்கினார்கள். கிணற்றுக்காரர்கள் இன்று நாளை என்று இழுத்தார்கள். எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்ததும் அந்தப் பேச்சே நின்றுபோனது. விலைபோகாத எண்ணெயை வாயு செலுத்தி யார் எடுப்பார்கள்? சட்டமும் கரும்புகையைத்தான் தேடியது. கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவைப் பிடிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தச் சமயம் என் பழைய அதிகாரி போன் செய்தார். ஒரு இடம் காலியாக இருக்கிறது, திரும்பி வருகிறாயா என்றார். உங்களிடம்தான் யோசனை கேட்டேன்.

"போகாத. மேலிடத்துல சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மூட விட்டுடுவேனா?" என்றீர்கள்.

வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நான்கே மாதத்தில் ஆலை மூடியது. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் வேலையிழந்து வீட்டுக்குப் போனோம். நீங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போனீர்கள்.

மேசையில் கிடைத்தது, நான் யோசனை கேட்டதற்கு முந்தின வாரம் நீங்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல். சோடாவுக்குப் போக மீதி வாயுவை வாங்க ஆளில்லை, சட்டமும் கேட்கவில்லை, ஆகவே ஆலையை மூடலாம். கீழே உங்கள் கையெழுத்து.

எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை, அத்தான். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? வாயு சுத்தமா என்று பார்க்க ஆளில்லாவிட்டால் சோடாக்காரர்கள் எடுக்கமாட்டார்கள். மூடும் நாள்வரை ஆலை ஓட நான் தேவைப்பட்டேன். அதற்காகத்தானா?

அக்காவிடம் காட்டினேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும் செசிலி. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவரு ஒரு வாரம் சரியா சாப்பிடக்கூட இல்ல."

"அவரு சாப்பிடாம இருந்தா என் வேலை திரும்பி வந்துடுமாக்கா?"

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது துவாஸில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். நேற்று சிராங்கூன் ரோட்டில், நம் ஆலையில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்ட காசிம் பாயைச் சந்தித்தேன்.

"உங்க அத்தான் கடைசி வரைக்கும் நமக்காகச் சண்டை போட்டாரும்மா. வருஷ நினைவுக்கு நாங்க எல்லாரும் வர்றோம். நீதான் அவரப் பத்தி நாலு வார்த்தை பேசணும்."

கைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். வீடு வரும்வரை உங்கள் மேல் கோபம், அதைவிட என் மேல்.

வருஷ நினைவுக்கு வருவேன், அத்தான். பூசையில் அக்கா பக்கத்தில் உட்காருவேன், உங்கள் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்வேன். பிறகு வெளியே வந்து, அந்தப் பதினொரு பேருக்கும் கடிதத்தை வாசித்துக் காட்டுவேன். நடுவில் அழுகை வந்தாலும் நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பேச்சை நம்பி வந்த மைத்துனி,
செசிலி