அண்ணனிடம் கேட்க நினைத்த சொல்

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் வர வேண்டிய நோயாளி வரவில்லை. ஓய்வறையில் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். அண்ணனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இந்த வாரமே எங்கள் மறுவாழ்வு மையத்துக்கு மாற்றுகிறார்களாம்.

"நீதானேம்மா பேச்சுப் பயிற்சி குடுக்கிற. உன்ன விட்டா எனக்கு யாரத் தெரியும்?" என்று அழுதார்.

போனை வைத்த பிறகு நெஞ்சுக்குள் ஒன்று நடந்தது. இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன். முதலில் பயம் வந்தது. அதன் பின்னாலேயே மெல்ல ஒரு இனிப்பு. ஒரு கணம்தான். ஆனாலும் இனிப்புதான்.

அது என்ன? இத்தனை நாள் எங்கே உட்கார்ந்திருந்தது?

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்களைப் பெற்ற வாப்பா இறந்த அன்று நான் ரயிலில் இருந்தேன். மாலைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததுமே அண்ணன் அடக்கம் செய்துவிட்டார். நான் பார்த்தது ஈர மண்ணைத்தான். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றார்.

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. அதன்பின் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு அவரை மனத்துக்குள் நிறுத்தி வழக்காடுவேன். அவர் பக்கத்தையும் நானேதான் பேசுவேன். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால் "தா... தா..." மட்டும்.

என்னோடு வேலை செய்பவள், "சொந்தக்காரங்கன்னா கஷ்டம். நான் பாத்துக்கவா?" என்றாள். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? கடமையா? கிட்டே இருந்து பார்க்கும் ஆசையா?

திங்களும் வியாழனும் பாவமன்னிப்பு வழங்கப்படும் நாள்கள். பகையோடு இருக்கும் இருவரை மட்டும், சமாதானம் ஆகும்வரை விட்டுவையுங்கள் என்று சொல்லப்படுமாம். சின்ன வயதிலேயே கேட்ட நபிமொழி. இன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். 'இருவரை'. தப்பு யார் மேல் என்ற விசாரணையே அங்கே இல்லை. நியாயம் என் பக்கம் இருந்தாலுமா?

செப்டம்பர் 9, திங்கள்

பயிற்சி அட்டைகளை நானே எழுதினேன். ம-வில் தொடங்கும் சொற்கள். மரம், மழை, மன்னிப்பு.

மரத்தையும் மழையையும் சீக்கிரம் விட்டுவிட்டேன். மூன்றாவதில் நின்றேன். "சொல்லுங்க. மன்... னிப்..." அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. மறுபடி சொன்னேன். மறுபடி. இடது கையால் அட்டைகளைத் தட்டிவிட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வாயே திறக்கவில்லை. என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

அண்ணி என்னை நடையில் நிறுத்தினார். "வேற வார்த்தையே கெடைக்கலையா உனக்கு?"

செப்டம்பர் 12, வியாழன்

இன்றும் இல்லை. மருத்துவர், "இந்த மொத வாரங்கள்தான் முக்கியம், விட்டுடாதீங்க" என்றார். எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் நான்தானே இதைச் சொல்கிறேன்!

செப்டம்பர் 13, வெள்ளி

என் வன்மம் என்னோடு இருக்கும், யாரையும் தொடாது என்று நினைத்திருந்தேன். அது எப்படிக் கைக்கு இறங்கியது, எப்படி அட்டையில் போய் உட்கார்ந்தது? நான் பார்க்கவே இல்லையே.

சொர்க்கத்துக்குப் போகிறவர்களின் நெஞ்சில் உள்ள குரோதத்தை இறைவனே நீக்கிவிடுவான் என்று வேதம் சொல்கிறது. நல்லவர்களும் இதைச் சுமந்துகொண்டேதான் வாசல்வரை வருகிறார்களா? தானாகப் போகாது என்பதால்தான் அவனே எடுக்கிறானா? அப்படியானால் இப்போதே கேட்டால் என்ன? கேட்டேன். எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. தலை மட்டும் வலித்தது.

செப்டம்பர் 14, சனி

அட்டை எதுவும் எடுத்துப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. அதைக் கொண்டுவந்து உங்க வாயில திணிச்சேன். தப்பு. இனிமே அதக் கேக்க மாட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓத ஆரம்பித்தேன். இரண்டாம் வசனத்தில் அவர் உதடு அசைந்தது. அடுத்ததில் குரல் வந்தது. குழறல்தான், ஆனால் சொற்கள்! முடிவில் இருவரும் சேர்ந்து ஆமீன் சொன்னோம்.

பிறகு பெற்றோருக்காகக் கேட்கும் துஆவைத் தொடங்கினேன். அவர் என்னை முந்திக்கொண்டு போனார். கண்ணீர் வலது கன்னத்தில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் துடைத்தேன். வாப்பாவை அடக்கும் முன் நடந்த ஜனாஸா தொழுகையில் நான் இல்லை. இன்று இருந்த மாதிரி இருந்தது.

மனப்பாடமானது மூளையில் வேறு வழியாக வரும். பாடத்தில் உள்ளது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது, மாணவிகூட அதில்தான் தொடங்குவாள். நான் ஏன் மறந்தேன்? மறந்தேனா?

செப்டம்பர் 30, திங்கள்

"தண்ணி" வந்துவிட்டது. "போதும்" கூட.

அக்டோபர் 17, வியாழன்

ஏன் காத்திருக்கவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. வேறு யாரையோ பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை மாதிரி.

நவம்பர் 21, வியாழன்

சாலையில் நெரிசல். நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. அண்ணன் கைத்தடியோடு என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கேன், உனக்கு அறிவிருக்கா?"

பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். முழு வாக்கியம். கடைசியில் கேள்வி வேறு.

"அண்ணா, இன்னொரு தடவ திட்டுங்க."

திட்டினார். 'அறிவு' மட்டும் கொஞ்சம் குழறுகிறது. நாளைக்கு அதைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும்.