குழாயால் வந்த ஜுரம்

உன் தலையணை உறையை இன்றைக்கும் சோப்புப் போட்டு அலசினேன். கழுத்துக் குழாயைச் சுற்றித் தடவிய மருந்தின் பழுப்புக் கறை போகவே இல்லை. அதைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நானே எழுதுகிறேன், பார்! முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த நாலு வரிக்கே காலைப் பொழுது போய்விட்டது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

கழுத்தில் சொருகிய குழாய் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்காகக் கடலூரிலிருந்து வாரம் இரண்டு நாள் சிதம்பரம் போனோமே. கடைசி மூன்று வாரம், மெஷினில் ரத்தம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உனக்குக் குளிர் தூக்கிப் போடும். வீட்டில் இருக்கும் நாளில் ஒன்றும் இருக்காது.

"குழாய்லதான் மாமா ஏதோ இருக்கு. அதைத் தொட்டாதான் நடுங்குது" என்றாய்.

நர்ஸ், "பயத்துல நடுங்குறாங்க" என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு, "பயந்தாங்கொள்ளி, சும்மா கெட" என்றேன்.

"ஒன் கழுத்துல சொருகிக்கிட்டு அப்புறம் பேசு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

நீ போன பிறகு மகள் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துக் காட்டினாள். காரணம் தெரியாத ஜுரமாம்! ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அங்கே ஒருவர் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் போடுகிறார். உன் ஃபைலைப் புரட்டினார். குழாயில் எடுத்த ரத்தத்திலும் கையில் எடுத்த ரத்தத்திலும் ஒரே கிருமி இருந்ததாக டெஸ்ட் ரிப்போர்ட் அதிலேயே இருந்தது.

"அப்ப குழாயால வந்ததுன்னு போடுங்க சார்."

"டாக்டர் எழுதணும் பெரியவரே. அவரு வெறும் ஜுரம்னு எழுதியிருக்காரு. நானா ரெண்டையும் முடிச்சுப் போட முடியாது."

"ரெண்டும் ஒரே ஃபைல்லதானே இருக்கு?"

"இருக்கு. சேத்து எழுதலையே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஒரு நாள் போனால் டாக்டர் லீவு. மறுநாள் மீட்டிங். மூன்றாம் முறை, மனு கொண்டு வரச் சொன்னார்கள். யாரிடமும் கொடுக்காமல் நானே எழுதினேன்: "என் மனைவி பயத்தில் நடுங்கவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதவும்."

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். ஃபைலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, குழாயிலிருந்து ரத்தத்தில் பரவிய கிருமி என்று எழுதித் தேதி போட்டார். ஒரே ஒரு வரி! அதற்கு இத்தனை பஸ்!

ரெக்கார்டு ரூம்காரர் பழைய எண்ணை மாற்றினார். "இனிமே குழாயை எப்படிச் சுத்தம் பண்றாங்கன்னு கேள்வி கேப்பாங்க" என்றார்.

"அவ அப்பவே கேட்டா சார்" என்றேன்.

புது எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி என்று அது சொல்கிறது. நான் சொன்னதை எந்த டாக்டர் திருத்துவார்? 'பயந்தாங்கொள்ளி' என்று நோட்டில் எழுதி, அதன் மேல் அழுத்திக் கோடு போட்டு அடித்தேன். இப்போதுதான் எனக்குப் படிக்கத் தெரியுமே. அடித்த பிறகும் அந்த வார்த்தை தெரிகிறது.