நண்டு கடலைச் சேரும்போது

சத்தம் போடாமல் எங்கேயும் வரத் தெரியாத என் ஜெனிக்கு,

நம் கம்ப்யூட்டர் விளையாட்டு தயார். நாளைக்குப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கிறோம். நீ காய்ச்சலில் போனபோது நம் நண்டு பாதி ரோடுகூடத் தாண்டியிருக்கவில்லை. இப்போது எண்ணூர் ரோட்டை, அத்தனை கன்டெய்னர் லாரிகளுக்கும் தப்பித்துத் தாண்டி, கடலுக்கே போய்விடுகிறது. கால்களை நான் நூலகப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினேன். "கொடுக்கையும் சேத்து எண்ணுவியா நீ?" என்று நீ சிரித்திருப்பாய்.

படம் என் வேலை, புரோகிராம் இர்பான் வேலை, சத்தம் உன் வேலை என்று பிரித்துக்கொண்டோம். நீ எல்லாவற்றையும் வாயாலேயே செய்து இர்பான் போனில் பதிந்து வைத்தாய். லாரிக்கு "டுர்ர்ர்". பிரேக்குக்கு "புஸ்ஸ்". நண்டு நடந்தால் "டிக்கு டிக்கு". அடிபட்டால் மட்டும், தொண்டை கிழிய, "யம்மோவ்!"

"இதெல்லாம் சும்மா வெக்கிறதுடி. அப்பால நெசமான சத்தம் போட்டுக்கலாம். எவனாவது கேட்டா மானம் பூடும்," என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

நீ போன பிறகு இர்பான், "அப்டியே வுட்டுரலாம். எடுக்க மன்சு வர்ல," என்றான். எனக்கும்தான் வரவில்லை. ஆனால் நீ எடுத்துவிடச் சொன்னாயே. நீ இல்லை என்பதற்காக அதை மீறலாமா? யாரிடம் கேட்பது?

அதனால் நிஜச் சத்தம் தேடிப் போனோம். திருவொற்றியூரில் வரிசையில் நின்ற லாரியிடம் போனை நீட்டியபோது டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, வீடியோவா?"

"இல்லண்ணா. சத்தம் மட்டும்."

"சத்தமா! காசு குட்த்து அத நிறுத்தச் சொல்றவன் கீறான், நீ வந்து கேக்குற?" என்று சிரித்துவிட்டு, எனக்காகவே நீளமாக ஹாரன் அடித்தார். பதிவில் பாதி கடற்காற்றுதான். பரவாயில்லை, ரோட்டிலும் அப்படித்தானே கேட்கிறது. நண்டின் கால்களுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்மேல் நகத்தால் தட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கம்மா கூப்பிட்டு அனுப்பினார். "எம் பொண்ணு எந்நேரமும் அத்தப் பத்தியே பேசிகினு இருந்தா. எனக்கும் காட்டுங்களேன்."

உன் குரல் திடீரென்று அவர் காதில் விழுந்துவிடக்கூடாது என்று எனக்குப் பயம். போகும் வழியெல்லாம் இர்பானைக் கேட்டுக்கொண்டே போனேன். "எல்லாம் மாத்திட்டேன். நானே முழுசா ஆடிப் பாத்துட்டேன், போதுமா?" என்று எரிந்து விழுந்தான்.

உங்கம்மா மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். நண்டு இரண்டடி நடந்தது. லாரி வந்தது.

"யம்மோவ்!"

இர்பான் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவன்தான் ஆட ஆரம்பித்தால் தோற்கவே மாட்டானே! அதனால் நண்டு சாகும் சத்தம் மட்டும் அவன் காதில் விழவே இல்லை, மாற்றவும் விட்டுப்போயிருக்கிறது. நான் பாய்ந்து லேப்டாப்பை மூடப் போனேன். உங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. இன்னோரு தபா."

அடுத்த தடவை அவர் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. நண்டு நடுரோட்டில் அப்படியே நின்றது. "யம்மோவ்!" அதற்கடுத்த தடவையும் அப்படியே.

இர்பான் மெதுவாக, "ஆன்ட்டி, சைடுல அமுக்குனா தப்பிச்சுக்கும்," என்றான்.

"தெரியுதுப்பா. தப்பிச்சா அவ கூப்புட மாட்டாளே."

பிறகு, எங்களுக்காக என்று நினைக்கிறேன், சிரித்தார். "ஸ்கூல் வுட்டு வரசொல்ல தெருமுனைலயே இப்டித்தான் கத்திகினு வருவா. பக்கத்து வூட்டுக்காரங்கோ திட்டுவாங்கோ."

 அன்று திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் இர்பானிடம் சொன்னேன். "சாகும்போது அந்தச் சத்தம் வேணாம். கடல் வந்ததும் போடலாம்." அவன் கேட்டான், "அப்ப செத்தா இன்னா சத்தம்?" முறுக்கு என்றேன். முறுக்கைப் போன் பக்கத்தில் வைத்து ஒடித்தால் ஓடு நொறுங்குவது மாதிரியே இருக்கிறது. பதிந்து முடிப்பதற்குள் ஒரு பாக்கெட்டைத் தின்றுவிட்டான்.

நேற்று மறுபடி உன் வீட்டுக்குப் போய், கண்காட்சியில் எல்லோரும் கேட்பார்களே, பரவாயில்லையா என்று உங்கம்மாவிடம் கேட்டேன். "மொதல்ல நான் கேக்கறேன்," என்று உட்கார்ந்தார். இந்தத் தடவை உன்னைக் கேட்க ஜெயித்தாக வேண்டும். லாரிகளை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "இன்னா பேஜாரா கீது! வழி வுட்றானா பாரேன்!" முறுக்கு நொறுங்கிக்கொண்டே இருந்தது. கடைசி லாரியைத் தாண்டி நண்டு மணலில் இறங்கியது. காசிமேட்டில் நான் பதிந்த அலை வந்தது. அதன்மேல் நீ.

"யம்மோவ்!"

உங்கம்மா திரையைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "வந்துட்டியா, வா," என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

உன் பேச்சை இந்த ஒன்றில் மட்டும் மீறிவிட்டேன், ஜெனி. மற்ற 'சும்மா' சத்தங்களை யார் காதிலும் விழவிட மாட்டேன். அழிக்கவும் மாட்டேன். இந்த நண்டை எங்கே கொண்டுபோய்க் காட்டினாலும், அது கரை சேரும்போது நீதான் கூப்பிடுவாய். இது சத்தியம்.

உன்னைவிடச் சின்னவளாக இருந்தும் அக்கா மாதிரி உன்னை அதட்டிய,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி
கயல்